பேசாப் படங்களும் பேசாத இல்லங்களும்



நம் திருமண மண்டபங்களில் அண்மைக் காலமாக ஒரு புதிய வழக்கம் வேரூன்றி வருகிறது. கோவிலில் திருப்பலி முடிந்து மணமக்கள் மண்டபம் வந்து சேருமுன்பே, மேடையருகே பெரியதொரு வெண்திரை விரிக்கப்பட்டிருக்கும். மணநாளுக்குச் சில வாரங்கள் முன்னதாக மலைச் சரிவிலும் கடற்கரையிலும் வைத்து எடுக்கப்பட்ட மணமக்களின் படம் அதில் ஓடும். மணமகன் ஓடி வருவான். மணமகள் திரும்பிப் பார்த்து நாணுவாள். பின்னணியில் திரைப்பாடல் முழங்கும். ஐந்து நிமிடத்தில் ஒரு முழுக் காதல் கதை நிறைவு பெற்றுவிடும். பந்தியில் அமர்ந்தவர்களும் எட்டிப் பார்த்து மகிழ்வார்கள். நானும் பார்த்ததுண்டு. அதில் குற்றம் காண்பதற்காக இதை எழுதவில்லை.

ஆனால், அவ்வாறு படம் ஓடிய ஒரு திருமணத்தின் மணமக்கள், ஓராண்டு நிறைவதற்குள், ஒரு மாலைப் பொழுதில் பங்கு இல்லத்துக்கு வந்து என் முன் அமர்ந்தார்கள். மூன்று நாற்காலிகள் போடப்பட்டிருந்தன. இருவரும் இரு கோடியில் அமர, நடுவில் இருந்த நாற்காலி வெறுமையாக இருந்தது.

“ஆறு மாதமாக இவர் என்னோடு முகங்கொடுத்துப் பேசுவதில்லை, சாமி” என்றாள் அவள்.

“பேசி என்ன ஆகப்போகிறது, சாமி? ஏதோ ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டோம். அதனால் சேர்ந்திருக்கிறோம்” என்றான் அவன்.

அடியில்லை; குடியில்லை; அண்டை வீட்டாருக்குக் கேட்கும்படியான சண்டையுமில்லை. அந்த வீட்டில் மௌனம் ஒன்றே குடியிருந்தது. இத்தகைய மௌனம் இன்று நம் இல்லங்கள் பலவற்றில் குடியேறியிருப்பதைப் பங்குத் தந்தையர் அனைவரும் அறிவர்.

அன்று அவர்களிடம் நடந்ததை இறுதியில் சொல்கிறேன். அதற்கு முன், ஓசையே இல்லாமல் அன்பைச் சொல்ல முயன்ற சில பழைய படங்களைப் பற்றி உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். மௌனம் ஒருவகை அன்று, இருவகை என்பதை அவை எனக்குக் கற்பித்தன.

பதினைந்து நிமிடக் காதல்

திரைப்படக் கலை பிறந்த புதிதில், 1896ஆம் ஆண்டு, அமெரிக்காவில் தாமஸ் எடிசனுடைய படப்பிடிப்புக் கூடத்தில் மே இர்வின், ஜான் ரைஸ் என்னும் இரு நாடகக் கலைஞர்கள் காமிராவின் முன் நின்றனர். மேடையில் தாங்கள் நடித்து வந்த நாடகத்திலிருந்து ஒரு முத்தக் காட்சியை அவர்கள் நடித்துக் காட்டினார்கள். அரை நிமிடம்கூட நீடிக்காத அப்படத்தைக் காண மக்கள் திரண்டனர். முகங்கள் இத்துணைப் பெரிதாகத் தெரிய இப்படியொரு காட்சி தேவைதானா என்று சிக்காகோ நகர இலக்கிய இதழ் ஒன்றில் கண்டனமும் எழுந்தது. காதலைக் காட்டிய முதற்படங்களுள் இஃது ஒன்று. முன்கதையும் இல்லை, பின்விளைவும் இல்லை. முத்தம் மட்டுமே உண்டு.

பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தன. நியூயார்க் நகரின் பதினான்காம் தெருவில், பயோகிராஃப் என்னும் படக்கம்பெனி பழைய மாளிகை வீடொன்றில் இயங்கி வந்தது. நாடகத் துறையில் எதிர்பார்த்த புகழ் கிட்டாமல் பிழைப்புத் தேடி வந்த டி. டபிள்யூ. கிரிஃபித் என்பவர், 1908ஆம் ஆண்டு அங்கே படங்களை இயக்கத் தொடங்கினார். 1913ஆம் ஆண்டு அக்கம்பெனியை விட்டு வெளியேறுமுன் ஏறத்தாழ 450 குறும்படங்களை இயக்கி முடித்தார். ஒவ்வொன்றும் பெரும்பாலும் ஒரே சுருள். சுமார் ஆயிரம் அடி நீளம். திரையில் ஓடுவது ஏறக்குறையப் பதினைந்து நிமிடம். நடிகர்களுக்கு நாளொன்றுக்கு ஐந்து டாலர் கூலி. அவர்களுடைய பெயர்களைக்கூட அக்கம்பெனி அந்நாளில் வெளியிடவில்லை.

இத்தகைய சிறு படங்கள் நம் நாட்டுக்கும் அக்காலத்திலேயே வந்து சேர்ந்தன. திருச்சியில் இரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905ஆம் ஆண்டு டூபான் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியையும் சில படச்சுருள்களையும் விலைக்கு வாங்கி, கூடாரம் அடித்து ஊர் ஊராகக் காட்டி வந்தார். அவற்றுள் இயேசு பெருமானின் வாழ்க்கையைச் சித்திரிக்கும் படமும் இருந்தது. நம் பாட்டனார்கள் திரையில் கண்ட முதற்காட்சிகளுள் ஆண்டவருடைய பாடுகளும் அடங்கியிருந்தன என்பது நாம் நினைத்து மகிழத்தக்க செய்தி.

இப்போது சற்று எண்ணிப் பாருங்கள். படத்துக்குக் குரல் இல்லை. இடையிடையே சில வரிகள் எழுத்தில் தோன்றும். மற்றபடி முகமும் கையும் நடையுமே மொழி. ‘உன்னை நேசிக்கிறேன்’ என்று வாய்விட்டுச் சொல்ல முடியாது. பாட்டுப் பாடவும் முடியாது. பதினைந்து நிமிடத்துக்குள் ஒருவர் மற்றவரை நேசிக்கிறார் என்பதைப் பார்ப்பவர் உணரவேண்டும். எப்படி உணர்த்துவது? ஒரே வழிதான் உண்டு. அந்த மனிதர் மற்றவருக்காக எதையேனும் செய்யவேண்டும். அல்லது எதையேனும் தாங்கிக்கொள்ள வேண்டும். வாய் அடைபட்டபோது அன்பு செயலாக வெளிப்பட வேண்டியதாயிற்று. படக்கம்பெனியின் குறைபாடு ஒரு நல்ல ஆசானாக மாறியது.

மூன்று கதைகள்

அவ்வாறு உருவான படங்களுள் மூன்றை மட்டும் கூறுகிறேன்.

முதலாவது, 1909ஆம் ஆண்டில் வந்த ‘கிரெமோனாவின் வயலின் கைவினைஞன்’. பிரெஞ்சுக் கவிஞர் பிரான்சுவா கோப்பே எழுதிய நாடகத்தைத் தழுவியது. இந்தக் கோப்பே, பிற்காலத்தில் கடும் நோயுற்றிருந்தபோது மீண்டும் கத்தோலிக்க விசுவாசத்துக்குத் திரும்பியவர். வயலின் செய்வதில் உலகப் புகழ் பெற்ற இத்தாலிய நகரமான கிரெமோனாவில் கதை நிகழ்கிறது. சிறந்த வயலினைச் செய்பவனுக்குப் பரிசும், ஆசானின் மகளுடைய கரமும் கிடைக்கும் என்று போட்டி வைக்கப்படுகிறது. உடற்குறையுள்ள பிலிப்போ என்னும் சீடனுக்குத்தான் அந்தக் கைவண்ணம் வாய்த்திருக்கிறது. அவனும் அவளை உள்ளூர நேசிக்கிறான். ஆனால் அவளுடைய மனமோ சாந்த்ரோ என்னும் மற்றொரு சீடனிடம் இருக்கிறது. அதை உணர்ந்த பிலிப்போ, தன் வெற்றியைத் துறந்து விலகிக்கொள்கிறான். ‘உனக்காகத்தான் இதைச் செய்தேன்’ என்று அவளிடம் அவன் கணக்குக் காட்டவில்லை.

இரண்டாவது, 1910ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் சாந்தா மோனிகா கடற்கரையில் எடுக்கப்பட்ட ‘மாறாத கடல்’. மீனவர்களைப் பற்றி ஆங்கிலத் திருச்சபைக் குரு சார்லஸ் கிங்ஸ்லி எழுதிய கவிதையே அதற்கு வித்து. நம் புனித ஜான் ஹென்றி நியூமன்மீது பழிசுமத்தி எழுதி, அதன் பயனாக நியூமன் தம் வாழ்வின் விளக்கத்தை நூலாக எழுதும்படி செய்தவரும் இதே கிங்ஸ்லிதான்! அந்த நியூமன் 2019ஆம் ஆண்டு புனிதராக உயர்த்தப்பெற்றார்.

படத்தின் கதை எளியது. இளம் மீனவன் ஒருவன் கடலுக்குப் போகிறான், திரும்பவில்லை. வேறொரு கரையில் ஒதுங்கி உயிர் பிழைக்கிறான். ஆனால் நினைவை இழந்துவிடுகிறான். இங்கே மனைவி கரையில் நின்று கடலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். மகள் பிறக்கிறாள், வளர்கிறாள், மணமாகிப் போகிறாள். தாயின் தலை நரைக்கிறது. கடல் மட்டும் மாறவில்லை, அவளும் மாறவில்லை. கடைசியில், அதே கடலைக் கண்டு அவனுக்கு நினைவு திரும்ப, முதுமையில் இருவரும் சந்திக்கிறார்கள். 2017ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலுக்குப் பின் குமரி மாவட்டக் கடற்கரைப் பங்குகளில், திரும்பி வராத படகுகளுக்காகக் கரையில் நின்ற பெண்களை அறிந்தவர்களுக்கு, இப்படத்தை விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை.

மூன்றாவது, ஆங்கிலக் கவிஞர் டெனிசன் 1864ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஈனாக் ஆர்டன்’ என்னும் கதைக் கவிதை. ஈனாக், பிலிப், ஆனி ஆகிய மூவரும் சிறுவயதுத் தோழர்கள். ஆனி ஈனாக்கை மணக்கிறாள். குடும்பத்தைக் காப்பாற்றக் கப்பலேறிய ஈனாக், கப்பல் உடைந்து ஆளில்லாத் தீவில் சிக்கிக்கொள்கிறான். ஆனி பத்தாண்டுக்கு மேல் காத்திருக்கிறாள். அவளையும் பிள்ளைகளையும் தாங்கி நின்ற பிலிப்பை, கணவன் இறந்துவிட்டான் என்று நம்பிய பின்பே மணக்கிறாள். ஒருநாள் ஈனாக் திரும்பி வருகிறான். இரவில் சன்னல் வழியே பார்க்கிறான். விளக்கொளியில் தன் மனைவி, தன் பிள்ளைகள், பிலிப், ஒரு கைக்குழந்தை. நிறைவான ஒரு குடும்பம். கதவைத் தட்ட அவனுக்கு உரிமை உண்டு. தட்டவில்லை. தான் உயிரோடிருப்பதைத் தான் இறக்கும்வரை அவர்களுக்குத் தெரிவிக்காமலே வாழ்ந்து முடிகிறான்.

இங்கே ஒரு சிறு விளக்கம். நம் திருச்சபைச் சட்டப்படி, வாழ்க்கைத் துணை காணாமற்போய் நெடுங்காலம் ஆயிற்று என்பது மட்டும் மறுமணத்துக்குப் போதாது. அவர் இறந்துவிட்டார் என்பதில் மறைமாவட்ட ஆயருக்கு நியாயமான உறுதி ஏற்பட்டு, அவர் அதை அறிவிக்கவேண்டும். திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1707ஆம் சட்டம் இதைக் கூறுகிறது. அந்தச் சட்டத்தின் கடுமைக்குள் இருப்பது எவ்வளவு பெரிய கருணை என்பதை ஈனாக்கின் கண்ணீர் நமக்கு உணர்த்துகிறது.

இக்கதையைக் கிரிஃபித் இரண்டு முறை படமாக்கினார். 1908ஆம் ஆண்டில் ‘பல்லாண்டுகளுக்குப் பின்’ என்ற பெயரில், பெயர்களை மாற்றி, ஒரே சுருளில் எடுத்தார். அதில் கணவனை எண்ணி ஏங்கும் மனைவியைக் காட்டிய கையோடு, தொலைவிலுள்ள தீவில் தவிக்கும் கணவனைக் காட்டினார். இப்படித் தாவித் தாவிக் கதை சொன்னால் மக்களுக்கு எப்படிப் புரியும் என்று உடனிருந்தவர்கள் கேட்டதாகவும், நாவலாசிரியர் டிக்கன்ஸ் இப்படித்தானே எழுதுகிறார் என்று அவர் விடையிறுத்ததாகவும் சொல்வார்கள். மக்களுக்குப் புரிந்தது. கடல்களுக்கு அப்பால் பிரிந்திருக்கும் இருவரை ஒரே நினைவு இணைக்கிறது என்பது எந்தப் பாமரனுக்கும் விளங்கக்கூடியதே. வளைகுடா நாட்டில் உழைக்கும் கணவனும், இங்கே செபமாலை சொல்லும் மனைவியும் அதைவிட நெருக்கமாகவே இணைந்திருக்கிறார்கள் அன்றோ?

1911ஆம் ஆண்டு, மூலப் பெயரிலேயே இரண்டு சுருள்களாக மீண்டும் எடுத்தார். அவ்வளவு நீளமான படத்தை மக்கள் பொறுக்கமாட்டார்கள் என்று எண்ணிய கம்பெனி, ஜூன் மாதத்தில் சில நாள் இடைவெளி விட்டு இரண்டு பாதிகளாக வெளியிட்டது. மக்களோ இரண்டையும் ஒருசேரக் காண விரும்பினார்கள். காத்திருத்தலைப் பற்றிய கதையைக் காண, பொறுமையோடு அமர்ந்திருக்க மக்கள் ஆயத்தமாகவே இருந்தனர்!

திரைக்குப் பின்னால்

துறந்த பிலிப்போ, காத்திருந்த மீனவப் பெண், கதவைத் தட்டாத ஈனாக் ஆகிய மூவருடைய மௌனமும் கொடுக்கிற மௌனம். மற்றவர் வாழ வேண்டும் என்பதற்காகத் தன்னை அடக்கிக்கொள்கிற மௌனம்.

ஆனால் அன்பார்ந்தவர்களே, திரைக்குப் பின்னால் வேறொரு மௌனம் இருந்தது. ‘மாறாத கடல்’ படத்தில் கரையில் நின்று காத்திருந்த மனைவியாகவும், 1911ஆம் ஆண்டுப் படத்தில் ஆனியாகவும் நடித்த பெண்மணியின் பெயர் லிண்டா ஆர்விட்சன். அவர் இயக்குநர் கிரிஃபித்தின் சொந்த மனைவி! 1906ஆம் ஆண்டு மே மாதம் பாஸ்டன் நகரத்துக் கோவில் ஒன்றில் இருவரும் மணம் புரிந்துகொண்டார்கள். ஆயினும் பயோகிராஃப் கம்பெனியில் சேர்ந்தபோது தாங்கள் கணவன் மனைவி என்பதை அவர்கள் மறைத்துக்கொண்டார்கள். அங்கே அவர் ‘செல்வி ஆர்விட்சன்’ என்றே அழைக்கப்பட்டார்.

மாறாத மனைவியை உலகுக்குத் திரையில் காட்டியவர், தம் மனைவியைத் தம்மோடு உழைப்பவர்களுக்குக்கூட வெளிப்படுத்தவில்லை. ‘ஈனாக் ஆர்டன்’ வெளிவந்த சிறிது காலத்துக்குள் இருவரும் பிரிந்தார்கள். மணமுறிவு சட்டப்படி நிகழ்ந்ததோ 1936ஆம் ஆண்டில். இடையில், 1925ஆம் ஆண்டு, அந்த அம்மையார் அக்காலத்து நினைவுகளை ஒரு நூலாக எழுதி வெளியிட்டார். பிரிந்து பல ஆண்டுகளாகியும், ‘திருமதி டி. டபிள்யூ. கிரிஃபித்’ என்ற பெயரையே அந்நூலில் இட்டார். உழைக்கும் இடத்தில் தமக்கு மறுக்கப்பட்ட பெயரை அவர் அச்சில் பொறித்துக்கொண்டார். ‘மாறாத கடல்’ அவருக்கு வெறும் நடிப்பாக இருந்திருக்குமா?

கிரிஃபித் பெருங்கலைஞர், ஆனால் அவருடைய கலையும் பழுதற்றதன்று. 1915ஆம் ஆண்டில் அவர் எடுத்த நெடும்படமொன்று கறுப்பின மக்களை இழிவுபடுத்தி, அவர்களை வதைத்த கூட்டத்தைப் போற்றியது. அதே ஆண்டில் மீண்டும் தலைதூக்கிய அக்கூட்டம் கத்தோலிக்கரையும் பகைத்தது. மறு ஆண்டே அவர் எடுத்த ‘சகிப்பின்மை’ என்னும் படத்தை, திரைப்படக் கலையின் நூற்றாண்டையொட்டி 1995ஆம் ஆண்டில் வத்திக்கான் வெளியிட்ட 45 சிறந்த படங்களின் பட்டியலில் காண்கிறோம். ஒரே மனிதரிடம் ஒளியும் இருளும். அவரைத் தீர்ப்பிட நாம் யார்? அவர் வாழ்விலிருந்து நாம் கற்க வேண்டியதைக் கற்போம்.

மறைக்கின்ற மௌனம், கொடுக்கின்ற மௌனத்தைப்போலவே வெளியில் தோன்றும். இரண்டிலும் வாய் மூடியிருக்கிறது. ஆனால் ஒன்று மற்றவரைக் காக்கிறது. மற்றொன்று தன்னைக் காத்துக்கொள்கிறது. ஒன்று இல்லத்தைத் தாங்கும் அடித்தளம். மற்றொன்று அதே அடித்தளத்தைக் கண்ணுக்குத் தெரியாமல் அரிக்கும் கறையான்.

ஓலையும் ஏடும்

இதைத் திருச்சபை நன்கறியும். மறைவாகச் செய்துகொள்ளப்பட்ட திருமணங்களால் எத்தனையோ பெண்கள் கைவிடப்பட்டுக் கண்ணீர் வடித்ததைக் கண்டே, திரிதெந்து பொதுச்சங்கம் 1563ஆம் ஆண்டில் ஒரு பெரிய ஆணையை வெளியிட்டது. திருமணத்தைக் கோவிலில் முன்கூட்டி அறிவிக்க வேண்டும். குருவும் சாட்சிகளும் முன்னிற்க வேண்டும். பங்குக் குரு மணமக்களின் பெயரை ஏட்டில் எழுதிக் காக்க வேண்டும். இன்று நம் கோவில்களில் மூன்று முறை ஓலை வாசிக்கும்போது, திருப்பலி முடிந்ததென்று சிலர் எழுந்து செல்வதைப் பார்க்கிறேன். அந்த ஓலைக்குப் பின்னால் கைவிடப்பட்ட பெண்களின் கண்ணீர் இருக்கிறது என்பதை அறிந்தால் எவரும் எழுந்து போகமாட்டார்கள்.

‘ஏதோ ஒரு காகிதம்’ என்றானே அந்த இளைஞன்! காகிதத்தைப் பற்றி அப்பழைய படங்களே ஓர் அரிய செய்தியைச் சொல்கின்றன. அக்காலப் படச்சுருள்கள் எளிதில் தீப்பற்றக்கூடிய நைட்ரேட் என்னும் பொருளால் ஆனவை. எரிந்தவை பல, வைத்த இடத்திலேயே மக்கிப் பொடியானவை பல. அப்படியிருக்க, பயோகிராஃப் படங்கள் இத்தனை எப்படிப் பிழைத்தன? 1912ஆம் ஆண்டுவரை அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தில் திரைப்படம் என்றொரு வகையே இல்லை. ஆகவே உரிமையைப் பதிவு செய்ய விரும்பிய கம்பெனிகள், படத்தின் ஒவ்வொரு காட்சியையும் நீண்ட காகிதச் சுருளில் நிழற்படங்களாக அச்சிட்டு, வாஷிங்டனிலுள்ள அமெரிக்கப் பாராளுமன்ற நூலகத்தில் ஒப்படைத்தன. அக்காகிதச் சுருள்கள் பல்லாண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்தன. பின்னர் 1950களில் தொடங்கி, அவற்றிலிருந்தே காட்சி காட்சியாக மீண்டும் படம் பிடித்து உயிர் கொடுத்தார்கள். பளபளத்த சுருள் அழிந்தது. ‘வெறும் காகிதம்’ காத்து வைத்தது.

நம் பங்குகளில் உள்ள திருமணப் பதிவேடும் அப்படிப்பட்டதுதான். மண்டபத்தில் ஓடிய படம் மங்கலாம். அது பதிந்துள்ள கைப்பேசியே பழுதாகலாம். அன்றைய வாக்குறுதி மட்டும் இரு சாட்சிகளின் கையொப்பத்தோடு ஏட்டில் காத்திருக்கும். அன்பு தளரும் நாளில் மீண்டும் உயிர்பெற்று எழுவதற்காகக் காத்திருக்கும்.

நடு நாற்காலி

அந்த மாலைப் பொழுதுக்குத் திரும்புவோம். நடந்ததை எழுத அவ்விருவரும் இசைவு தந்திருக்கிறார்கள்.

நான் எழுந்து போய் பதிவேட்டை எடுத்து வந்து, அவர்கள் கையெழுத்திட்ட பக்கத்தைத் திறந்து, நடுவிலிருந்த வெறும் நாற்காலிமேல் வைத்தேன். பிறகு, மேலே சொன்ன ஈனாக்கின் கதையைச் சுருக்கமாகச் சொன்னேன். “குறையைப் பிறகு சொல்லலாம். இந்த ஓராண்டில் மற்றவர் உங்களுக்காகச் செய்து, ஆனால் சொல்லிக்கொள்ளாத ஒன்றை மட்டும் முதலில் சொல்லுங்கள்” என்றேன்.

நெடுநேரம் எவரும் பேசவில்லை. பிறகு அவள் தலை நிமிராமலே சொன்னாள்: “எங்கள் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது பதினோரு இரவும் இவர் வெளியே தாழ்வாரத்தில்தான் படுத்துக் கிடந்தார், சாமி. காலையில் அப்படியே வேலைக்குப் போய்விடுவார்.”

“அது உனக்குத் தெரியுமா?” என்று கேட்டான் அவன். ஆறு மாதத்தில் அவளை நோக்கி அவன் நேராகக் கேட்ட முதல் கேள்வி அதுதான் என்று பின்னர் அவள் சொன்னாள்.

அதன்பின் அவன் அழுதான். மண்டபத்துக்கும், விருந்துக்கும், வெண்திரையில் ஓடிய அந்தப் படத்துக்கும் அவன் வட்டிக்குக் கடன் வாங்கியிருந்தான். மணமான இரண்டாம் மாதத்திலிருந்து கடன்காரர் வரத் தொடங்கியிருந்தார். அவளுக்குத் தெரிந்தால் தன்னைக் கையாலாகாதவன் என்று எண்ணிவிடுவாளோ என்று அஞ்சினான். ஒன்றை மறைக்கப் போய், மற்ற எதையும் பேச முடியாதவனானான். ‘அவளுக்குக் கவலை வேண்டாம் என்றுதான் சொல்லவில்லை’ என்று தனக்குத்தானே சொல்லி வந்தான். தாழ்வாரத்தில் படுத்திருந்த மௌனமும் அவனுடையதே. கடனை மறைத்த மௌனமும் அவனுடையதே. முன்னது கொடுத்தது, பின்னது மறைத்தது. ஒரே மனிதனுக்குள் இரண்டும் இருந்தன. நம் ஒவ்வொருவருக்குள்ளும் இரண்டும் உண்டு.

அவளுடைய முகத்தில் முதலில் சினம்தான் தோன்றியது, அது நியாயமே. “என்னிடம் சொல்லியிருந்தால் அந்தப் படமே வேண்டாம் என்றிருப்பேனே!” என்றாள். அன்று அவர்கள் சமாதானமாகித் திரும்பினார்கள் என்று கதை முடிக்க எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. வழியெல்லாம் வாதாடிக்கொண்டே போனார்கள். எனக்கு அது நல்ல அறிகுறியாகவே பட்டது. கடன் இன்னும் முழுதும் தீரவில்லை. கணக்கு நோட்டை இப்போது அவள் எழுதுகிறாள். ஞாயிறு திருப்பலியில் இருவரும் ஒரே இருக்கையில் அமர்கிறார்கள்.

மார்ச் மாதம் புனித சூசையப்பரின் வணக்க மாதம் அன்றோ? நான்கு நற்செய்திகளையும் புரட்டிப் பாருங்கள். அவர் பேசியதாக ஒரு சொல்கூட இல்லை. உலகின் மாபெரும் மௌன நாயகர் அவரே. மரியாள் கருவுற்றிருப்பதை அறிந்தபோது, அவளுக்கு இழுக்கு நேராதபடி ஓசையின்றி விலகிக்கொள்ள எண்ணினார். அது கொடுக்கிற மௌனம். ஆனால் இறைவன் அவரை அம்மட்டில் விடவில்லை. வானதூதர் கனவில் சொன்னதும், எழுந்து, ஊரறிய அவளைத் தம் மனைவியாக ஏற்றுக்கொண்டார். எதற்கு மௌனம் காக்க வேண்டும், எதை வெளிப்படையாக்க வேண்டும் என்ற இரண்டும் தெரிந்த இல்லறத்தார் அவர். தம் நற்செயலைச் சொல்லிக்காட்டவில்லை. தம் மனைவியை மறைத்து வைக்கவுமில்லை.

ஆகவே குடும்பத்தாரே, இந்த மாதத்தில் ஓர் இரவு, குடும்ப செபமாலை முடிந்தபின் பிள்ளைகள் உறங்கப் போகட்டும். கைப்பேசிகளை அடுத்த அறையில் வைத்துவிட்டுக் கணவனும் மனைவியும் எதிரெதிரே அமருங்கள். முதலில், மற்றவர் சொல்லாமற்செய்த ஒரு நன்மையைக் கண்டு நன்றி கூறுங்கள். பிறகு, நீங்கள் மறைத்து வைத்திருக்கும் ஒன்றைச் சொல்லிவிடுங்கள். முன்னதைச் சொல்வது இனிமையாக இருக்கும், பின்னது கசக்கும். மருந்து கசக்கத்தான் செய்யும்.

ஊமையாயிருந்த படங்கள் அன்பை உரக்கச் சொல்லின. வாயும் மொழியும் இறைவன் தந்திருக்க, நம் இல்லங்கள் ஊமையாகிவிடலாகாது. நாசரேத்துத் திருக்குடும்பம் உங்கள் குடும்பத்துக்குத் துணை நிற்பதாக. இறைவன் அருளால் அடுத்த இதழில் சந்திப்போம்.